சங்கத்தின் சாவி யாரிடம்?

நம் சமுதாயத்தில் கொடுப்பவர்களுக்கு என்றும் பஞ்சமிருந்ததில்லை. ரமலான் பிறை தென்பட்டதும் பள்ளிவாசல்தோறும் கஞ்சிக்கு அடுப்பு மூட்டப்படுகின்றது. பெருநாள் இரவில் ஃபித்ரா அரிசி ஏழைகளின் வீடு தேடிச் செல்கின்றது. குமர் காரியம் என்று கேட்டு நின்றால் மறுக்கும் மனம் நம்மவர்க்கு வராது. ஆனால், அப்படிக் கொடுத்த பணம் எவ்வழியே வந்தது, எவ்வழியே சென்றது என்று எழுதி வைப்பவர்களுக்கு மட்டும் எப்போதும் பஞ்சம்தான். ஊருக்கு ஊர் ஆர்வத்தோடு தொடங்கப்படும் சங்கங்களில் பல, பத்தாண்டு நிறைவைக் காண்பதில்லை. பணமில்லாமல் மறைந்தன என்று சொல்லிக்கொள்கிறோம். நான் பார்த்த வரையில் அவற்றுள் பெரும்பாலானவை காகிதமில்லாமல் மறைந்தவை.

அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பின் எங்கள் வட்டாரத்துச் சிறு சங்கங்கள் நான்கைந்தின் கணக்கு வழக்குகளைப் பார்த்துத் தருகிறேன். கல்வி உதவிச் சங்கம் ஒன்று, வாசகசாலை ஒன்று, மையவாடிப் பராமரிப்புக் குழு ஒன்று, பைத்துல்மால் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஆண்டுக்குச் சில இலட்சங்களுக்குள் அடங்கும் சங்கங்கள். சம்பளத்துக்கு ஆள் வைக்க இயலாது. மாலையில் கடையை அடைத்துவிட்டு வருபவர்களும், ஓய்வு பெற்ற ஆசிரியர்களும், கல்லூரிப் பிள்ளைகளும் சேர்ந்து நடத்துபவை.

இங்கெல்லாம் நான் முதலில் கேட்கும் சொல் ஒன்றுதான்: "நமக்குள்ளே எதற்குப் பாய் எழுத்து? நம்பிக்கை இல்லையா?" இக்கேள்வியை நல்ல மனிதர்களே கேட்பார்கள். திருமறையில் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று அவர்களைத் திருப்பிக் கேட்பது என் வழக்கம். அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் அது. தவணைக்குக் கொடுக்கும் கடனை எழுதி வைப்பதைப் பற்றியும், எழுதுபவரைப் பற்றியும், சாட்சிகளைப் பற்றியும் பேசுவது. எழுத்து, நம்பிக்கைக்கு எதிரி என்றால் அவ்வசனம் இவ்வளவு நீண்டிருக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்வேன். நாம் இன்று வழங்கும் ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கே ஓர் அலுவலகச் சிக்கலிலிருந்து பிறந்தது. கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், ஆண்டு குறிக்கப்படாத கடிதங்களால் நேர்ந்த குழப்பமே ஆண்டுக் கணக்கு ஒன்றை வகுக்கக் காரணமாயிற்று என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கின்றனர். ஷஅபான் என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த ஆண்டின் ஷஅபான்? அந்தக் குழப்பம் இன்றும் தீர்ந்தபாடில்லை. ஒரு சங்கத்தின் கணினியைத் திறந்து பார்த்தேன். 'கணக்கு', 'கணக்கு புதிது', 'கணக்கு கடைசி', 'கணக்கு உண்மையான கடைசி' என்று நான்கு கோப்புகள். எது எந்த ஆண்டுடையது என்று எழுதியவருக்கே தெரியவில்லை. கோப்பின் பெயரில் ஆண்டை முதலிலும், மாதத்தை அடுத்தும், பொருளை மூன்றாவதாகவும் எழுதினால் கணினி தானே அவற்றை வரிசையாக அடுக்கி வைக்கும். இதற்குச் செலவு ஏதுமில்லை.

நிற்க. பழைய சங்கங்களில் இரும்புப் பெட்டிக்கு இரண்டு பூட்டுகள் இருந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். ஒரு சாவி தலைவரிடமும் மற்றொன்று பொருளாளரிடமும் இருக்கும். இருவரும் கூடினாலன்றிப் பெட்டி திறவாது. தனியொருவர் பெட்டியைத் திறக்க இயலாது என்பது மட்டுமன்று அதன் பொருள். ஒருவர் மறைந்தால் அவர் சாவி யாரிடம் சேர வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இன்று அந்தப் பெட்டி ஒரு கைப்பேசிக்குள் இருக்கிறது. அதற்குச் சாவி ஒன்றுதான். அதுவும் பெரும்பாலும் செயலாளரின் சட்டைப் பையில்.

நான் மேலே சொன்ன கல்வி உதவிச் சங்கத்தில் நடந்தது இது. இருபத்திரண்டு ஆண்டுகள் செயலாளராக இருந்தவர், 2023 ஜூன் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை வஃபாத்தானார். அவரைப் போல் உழைத்தவரை நான் கண்டதில்லை. உழைப்பு முழுவதும் அவர் தோளில் இருந்ததால், சங்கத்துக்குரிய எல்லாமும் அவர் பெயரிலேயே இருந்தன. சங்கத்தின் மின்னஞ்சல் அவர் தொடங்கியது. வங்கியின் இணையவழிச் சேவையும், வருமான வரித் தளத்தின் கணக்கும் அவர் கைப்பேசி எண்ணுக்கே ஓ.டி.பி. அனுப்பின. சங்கத்தின் இணையதளப் பெயரைப் புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பும் அதே மின்னஞ்சலுக்குத்தான் வரும்.

மகன் தம்மாமிலிருந்து வந்து பத்து நாள் இருந்துவிட்டுத் திரும்பினார். நல்ல ஃபோன் என்று அதை எடுத்துச் சென்றார். வாப்பாவின் நினைவாக ஒன்றை மகன் வைத்துக்கொள்வதில் என்ன தவறு? சிம் கார்டைக் கழற்றி எங்கோ வைத்திருக்கிறார். லாத்தா அவர்கள் இத்தாவில் இருந்தார்கள்; நான்கு மாதம் பத்து நாள். ஆண்கள் சென்று கேட்க இயலாது. பொருளாளர் தம் மனைவியை அனுப்பினார்.

"லாத்தா, காக்காவுடைய ஃபோன் எங்கே இருக்கு?"

"சின்னவன் கொண்டு போயிட்டானே. அதிலே என்னம்மா இருக்கு?"

அதில் ஒரு சங்கமே இருந்தது என்பதை அந்த நேரத்தில் அவர்களிடம் எப்படிச் சொல்வது?

அப்போது மூன்று பிள்ளைகளின் கட்டணம் நிலுவையில் இருந்தது. அவர்களுள் ஒருத்தி செவிலியர் படிப்புக்கு இடம் கிடைத்தவள். தகப்பனில்லாப் பெண். கட்டணம் செலுத்த இறுதி நாளுக்கு ஆறு நாட்களே இருந்தன. இணையவழியில் அனுப்பப் பார்த்தால், ஓ.டி.பி. மறைந்தவரின் எண்ணுக்குச் சென்றது. காப்பாற்றியது எது தெரியுமா? பழைய காசோலைப் புத்தகம். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவருள் எவரேனும் இருவர் கையொப்பமிட்டால் போதும் என்று சங்கத்தின் துணை விதியில் எவரோ ஒரு புண்ணியவான் முன்பே எழுதி வைத்திருந்தார். எஞ்சிய இருவரும் கையொப்பமிட்டனர். பெண்ணின் கட்டணம் இறுதி நாளன்று செலுத்தப்பட்டது.

மற்றவை அவ்வளவு எளிதில் முடியவில்லை. வங்கி, புதிய செயலாளரை ஏற்கத் தீர்மான நகல் கேட்டது. மாவட்டப் பதிவாளரிடம் பதிவான நிர்வாகிகள் பட்டியலையும் கேட்டது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி நிர்வாகக் குழுவில் மாறுதல் நேர்ந்தால் படிவம் 7இல் பதிவாளருக்குத் தெரிவித்தாக வேண்டும். இடையில் இருமுறை குழு மாறியும் அது தாக்கல் செய்யப்படவில்லை. பதிவாளர் ஏட்டின்படி, சங்கத்தின் தலைவர் ஏழாண்டுகளுக்கு முன் மையவாடிக்குச் சென்றவர்! இணையதளப் பெயர் புதுப்பிக்கப்படாமல் காலாவதியாகி, எவரோ அதை வாங்கிக்கொண்டனர். கல்வி உதவி தேடி அதைத் திறந்த மாணவர்கள் சீட்டாட்ட விளம்பரத்தைப் பார்த்தார்கள்.

கைப்பேசி எண்ணின் கதை இதனினும் வேடிக்கை. பணம் கட்டாமல் விட்ட எண் துண்டிக்கப்பட்டு, 90 நாள் கழிந்தால் வேறொருவருக்கு வழங்கப்படலாம் என்பது தொலைத்தொடர்பு விதி. அந்த எண் வெளிமாவட்டத்து லாரி ஓட்டுநர் ஒருவருக்குக் கிடைத்தது. "பாய், உங்க சங்கத்துக்கு மறுபடியும் ஒரு நம்பர் வந்திருக்கு" என்று அவரே அழைத்துச் சொல்வார். தங்கமான மனிதர். வேறொருவராக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது.

சிறு சங்கம் நடத்தும் அன்பர்கள் முதலில் செய்ய வேண்டியது, சங்கத்துக்கென்று ஒரு கைப்பேசி எண் வாங்குவது. எவருடைய சொந்த எண்ணாகவும் அது இருக்கக் கூடாது. பழைய ஃபோன் ஒன்றில் அந்தச் சிம் கார்டைப் போட்டு, சங்க அலுவலகத்திலேயே வைத்துவிடலாம். கட்டணம் கட்டும் பொறுப்பைப் பெயர் சொல்லி ஒருவரிடம் ஒப்படைத்துத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும். வங்கி, வருமான வரி, மின்னஞ்சல் எல்லாவற்றுக்கும் இயன்ற வரையில் இந்த எண்ணையே கொடுக்க வேண்டும். அதிகாரியின் சொந்த எண்தான் வேண்டும் என்று கேட்கும் இடங்களில், நிர்வாகி மாறிய வாரத்திலேயே அதை மாற்றிவிட வேண்டும்.

மின்னஞ்சலும் அப்படியே. கூகுள் நிறுவனம் 2023ஆம் ஆண்டு அறிவித்த விதியின்படி, இரண்டாண்டுகள் எவரும் திறவாத தனிநபர் கணக்குகளை அது அழித்துவிடலாம். 'சங்கத்துக்கு ஒரு ஜிமெயில் இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டு திறந்தே பார்க்காதவர்கள் கவனிக்க. பதிவு பெற்ற தொண்டு அமைப்புகள் விண்ணப்பித்தால், சங்கத்தின் சொந்தப் பெயரிலேயே மின்னஞ்சல் வைத்துக்கொள்ளும் வசதியை அந்நிறுவனம் கட்டணமின்றித் தருகிறது. அப்போது செயலாளர் மாறினாலும் முகவரி மாறாது. இருபடிச் சரிபார்ப்பை அமைக்கும்போது, ஃபோன் கையில் இல்லாத வேளைக்கென்று பத்து எண்களை அது கொடுக்கும். ஒவ்வொன்றும் ஒரே முறைதான் பயன்படும். அவற்றைத் தாளில் அச்சிட்டு, உறையிலிட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் இருவர் கையொப்பமிட்டுப் பீரோவில் வைத்துவிடலாம். இரட்டைப் பூட்டு மறுபடியும் வந்துவிட்டது, பாருங்கள்.

பணத்துக்கு வருவோம். இன்று நன்கொடைப் பெட்டியின் மேல் யு.பி.ஐ. கட்டம் ஒட்டாத சங்கமில்லை. அந்தக் கட்டம் யாருடைய வங்கிக் கணக்குக்குச் செல்கிறது? பல இடங்களில் பொருளாளரின் மகன் கணக்குக்குச் செல்லக் கண்டேன். அவர் ஒரு பைசாவும் எடுத்துக்கொள்ளாத உத்தமராக இருக்கலாம். ஆனால், சட்டத்தின் கண்ணில் அது அவருடைய வரவு. நாளை வரித்துறை கேட்டால் அவர்தாம் விளக்கம் சொல்ல வேண்டும். அவர் மறைந்தால் அப்பணம் அவருடைய வாரிசுகளுக்குரியதாகத் தோன்றும். ஜகாத் பணம் பாகப்பிரிவினையில் சிக்கிக்கொள்ளும். எனவே, கட்டம் சங்கத்தின் கணக்குக்கே உரியதாக இருத்தல் வேண்டும். ஒட்டிய கட்டத்தின் மேல் வேறொரு கட்டத்தை ஒட்டி ஏமாற்றுபவர்களும் இருப்பதால், வாரம் ஒருமுறை ஒரு ரூபாய் அனுப்பிப் பார்ப்பது நல்லது. பணம் பெறுவதற்கு இரகசிய எண் எதையும் இட வேண்டியதில்லை என்பதைத் தொண்டர் ஒவ்வொருவருக்கும் சொல்லி வையுங்கள். "நன்கொடை அனுப்புகிறேன், உங்கள் இரகசிய எண்ணைப் போடுங்கள்" என்று கேட்பவன் திருடன். பணம் பறிபோனால் அந்த நிமிடமே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். தாமதித்தால் பணம் பல கணக்குகளுக்குத் தாவிவிடும்.

ஜகாத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். அதைப் பெறத் தக்கவர்கள் எட்டு வகையினர் என்று திருமறை வரையறுத்துவிட்டது. அலுவலக வாடகைக்கு அதில் எடுக்கலாமா, சுவருக்கு வெள்ளையடிக்க எடுக்கலாமா என்பவை ஆலிம்களிடம் கேட்க வேண்டியவை. கணக்கெழுதுபவனுக்குத் தெரிந்தது இது: ஜகாத்தும் ஸதக்காவும் ஒரே கணக்கில் கலந்துவிட்டால், பிறகு எந்த ஆலிமாலும் அவற்றைப் பிரித்துத் தர இயலாது. இரண்டு கணக்கு, இரண்டு கட்டம், இரண்டு நிற ரசீதுப் புத்தகம் என்று வைத்துக்கொண்டால் சிக்கலில்லை.

நம் குடும்பங்களுக்கே உரிய ஒரு சிக்கலையும் இங்குச் சொல்லியாக வேண்டும். வளைகுடாவில் உழைக்கும் நம் பிள்ளைகள் இந்தியக் குடிமக்கள். தம் சொந்தச் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியே அவர்கள் அனுப்பும் நன்கொடை, சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகல் ஒன்றை வாங்கி ரசீதோடு சேர்த்து வைத்தால் போதும். ஆனால், சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ குடியுரிமை பெற்றுவிட்ட நம் உறவினர், இதே தெருவில் பிறந்தவராயினும், 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி வெளிநாட்டவரே. அச்சட்டத்தின்கீழ்ப் பதிவோ முன் அனுமதியோ பெறாத சங்கம் அவரிடம் ஒரு வெள்ளியும் வாங்கக் கூடாது. பதிவு பெற்ற சங்கமும், 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், புதுடில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் தொடங்கிய கணக்கில் மட்டுமே அதைப் பெற வேண்டும். "சொந்த மாமா தருகிறார், இதில் என்ன வெளிநாடு?" என்று கேட்பார்கள். மாமா என்ற உறவு நமக்குத் தெரியும். சட்டம் பார்ப்பது பாஸ்போர்ட்டின் நிறத்தை. மாமாவிடம் பணிவோடு மறுத்துச் சொல்லும் தைரியம் பொருளாளருக்கு வேண்டும்.

வருமான வரி விலக்குச் சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. ஒருமுறை பெற்றால் என்றென்றைக்கும் செல்லும் என்றிருந்த காலம் 2021 ஏப்ரலோடு முடிந்தது. பழைய சங்கங்களும் மறுபடி விண்ணப்பித்து, ஐந்தாண்டுக்கு மட்டும் பதிவு பெறும்படி ஆயிற்று. 2021இல் புதுப்பித்தவர்களின் ஐந்தாண்டுக்குக் கடைசி நாள் 2026 மார்ச் 31. 80ஜி என்று நாம் சொல்லிப் பழகிய சலுகைக்கு, 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்கம் கணக்கில் சேராது என்பதும் நன்கொடையாளர் பலருக்கு இன்னும் தெரியாது. 2025இல் புதிய வருமான வரிச் சட்டம் இயற்றப்பட்டு, பிரிவு எண்கள் மாறிவிட்டன. பழைய எண்களையே ஓதிக்கொண்டிராமல், ஆண்டுக்கொருமுறை ஆடிட்டரிடம் ஒரு மணி நேரம் அமர்வது மேல்.

இவை யாவும் பணத்தைப் பற்றியவை. பணத்தினும் பெரிய அமானத் ஒன்று சங்கங்களிடம் இருக்கிறது. அது ஏழைகளின் பெயர். ஓரிடத்தில், நன்கொடையாளர்க்கு நம்பிக்கை வரட்டும் என்று, உதவி பெறும் விதவைகளின் பெயர், தெரு, ஆதார் நகல் யாவற்றையும் நானூறு பேர் கொண்ட வாட்ஸ்அப் குழுவில் இட்டுவிட்டார்கள். ஒரு தாயின் பெயரை அவள் மகனின் வகுப்புத் தோழன் பார்த்தான். அடுத்த மாதம் முதல் அந்த அம்மா உதவி வாங்க வரவில்லை. நேரில் சென்று கேட்டபோது, "பசி எங்களோடு போகட்டும் தம்பி" என்றார். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதிருக்க வேண்டும் என்று கேட்டு வளர்ந்த நாம், நானூறு பேருக்கு அதை அறிவிக்கிறோம்.

இதற்கும் வழி எளிதுதான். உதவி பெறுவோர்க்கு எண் கொடுத்துவிட வேண்டும். எந்த எண் எவருடையது என்ற ஏடு இருவர் பொறுப்பில் பூட்டியிருக்கட்டும். குழுவில், 'எண் 14, பள்ளிக் கட்டணம், இத்தனை ரூபாய்' என்று மட்டும் வந்தால் போதும். ஐயமுற்றவர் நேரில் வந்து ரசீதைப் பார்க்கலாம். ஆதார் நகல் வேண்டுமென்றால், முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட நகலை ஆதார் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ள இயலும். கணினியில் பட்டியல் வைத்திருப்போர், 'இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்' என்ற வாய்ப்பைத் தொடவே கூடாது. பார்க்க வேண்டியவரின் பெயரைச் சொல்லி அவருக்கு மட்டும் திறந்துவிட வேண்டும். தனிநபர் தகவல் பாதுகாப்புக்கென 2023இல் சட்டமே வந்துவிட்டது. சட்டம் வராவிட்டாலும் அந்த அம்மாவின் முகம் போதும்.

அந்தக் கல்வி உதவிச் சங்கத்தில் இப்போது இணைச் செயலாளராக வணிகவியல் படித்த பெண் ஒருத்தி இருக்கிறாள். சங்கம் எதை எதை, எங்கெங்கே, யார் பொறுப்பில் வைத்திருக்கிறது என்பதை ஒரே தாளில் எழுதி, பீரோக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறாள். கடவுச்சொல் எதுவும் அதில் இல்லை. அவை உறையில் இருக்கின்றன. ஆண்டுப் பொதுக்குழுவில் உறையைப் பிரித்து, சொற்களை மாற்றி, மறுபடி ஒட்டுவது என்று தீர்மானம். பொருளாளருக்கு முதலில் இது பிடிக்கவில்லை. "மாமா, நீங்கள் நூறு வயது இருங்கள், உறை ஒரு மூலையில் கிடக்கட்டும்" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே கையொப்பமிட்டார்.

அவளுடைய தாளின்படி இன்னும் இரண்டு வேலைகள் முடியவில்லை. படிவம் 7க்குரிய ஒப்புகைச் சீட்டு பதிவாளர் அலுவலகத்திலிருந்து வர வேண்டும். வாசலிலுள்ள பெயர்ப்பலகையில் இன்னும் மர்ஹூமின் எண்ணே இருக்கிறது. பெயிண்டரிடம் சொல்லியாகிவிட்டது, மழை விட்டதும் வருவதாகச் சொன்னார்.